பத்தேகால் மணிப் பழுது

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு சர்வர் விழுந்தது.

வெண்டல் கிவேலா அப்போதுதான் சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்திருந்தான். திரையின் மூலையில் பச்சையாக இருந்த விளக்கு சிவப்பானது. சாண்ட்விச்சை இழுப்பறைக்குள் வைத்து மூடினான். அவனுடைய சோதனைக்காலத்தில் ஐந்து நாட்கள் மீதம் இருந்தன. சிவப்பு விளக்கு எரியும்போது வாய் மென்றுகொண்டிருக்கக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்திருந்தான்.

போன் அடித்தது. நகராட்சியின் வண்டிக் கொட்டகையிலிருந்து மார்லீன். பைன் ஹார்பரில் பனி தள்ளும் வண்டிகள் ஒன்பது. எது எங்கே போக வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. முப்பது வருஷம் ரேடியோவில் சொன்னாள். நவம்பரிலிருந்து வெண்டலின் கம்பெனி ப்ரோக்ராம் சொல்கிறது. ப்ரோக்ராம் சொல்லாதபோது வெண்டலுக்குச் சொல்வது இப்போது அவள் வேலை.

"கண்ணு, செத்துடுச்சு."

"தெரியும்."

"வெள்ளிக்கிழமையும் இதே நேரத்துக்குத்தான் செத்துச்சு. வியாழக்கிழமையும்."

"பார்த்துட்டு இருக்கேன்."

"நீ பார்த்துட்டே இரு. வண்டிக்குள்ள தெருப் பேர் காட்டற பெட்டி அணைஞ்சா ஒன்பது வண்டியும் நின்ன இடத்துல நிக்கணும். நகராட்சி உத்தரவு. டிசம்பர்ல பெட்டி இல்லாம ஓட்டி, ரெண்டு வண்டி ஒரே சந்துக்குள்ள மூக்கோட மூக்கு இடிச்சுதே, அதுலேருந்து."

"டிரைவருங்க திட்டறாங்களா?"

"ஒருத்தன் வாய் திறக்கல. தங்கமான பசங்க."

வெண்டல் சர்வரைக் கையால் எழுப்பினான். ஒன்பது வண்டிகளும் மறுபடி ஒவ்வொன்றாக உள்ளே வந்து சேர இருபது நிமிடம் ஆனது. எப்போதும் இருபது நிமிடம்தான் ஆகும்.

லொரேன் வந்து அவன் மேஜை முன்னால் நின்றாள். கம்பெனி அவளுடையது. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, இரண்டு ஆட்கள். அதற்குமுன் இருபது வருஷம் துறைமுகத்துப் பக்கம் பார் நடத்தியவள். குரலைத் தாழ்த்திப் பேசும் பழக்கம் அங்கே வரவில்லை, இங்கேயும் வரவில்லை.

"வெள்ளிக்கிழமை என்ன நாள்?"

"நகராட்சி வந்து பார்க்கிற நாள்."

"காலை ஏழுலேருந்து மூணு வரைக்கும் பார்ப்பாங்க. நின்னுதுன்னா அஞ்சு வருஷ ஒப்பந்தம். விழுந்துதுன்னா டொரான்டோக்காரன் கொண்டுபோயிடுவான். அன்னைக்குத்தான் உன் சோதனைக்காலமும் முடியுது."

"தெரியும்."

"ரெண்டையும் ஒரே நாள்ல வச்சது தற்செயல்னு நினைக்காதே."

வெண்டலுக்கு இது மூன்றாவது சோதனைக்காலம். முந்தைய இரண்டும் வெள்ளிக்கிழமைகளில்தான் முடிந்தன. இரண்டு முறையும் கையில் ஓர் அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். இரண்டாவது இடத்தில் பெட்டி கொஞ்சம் பெரியது.

"ஏன் விழுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"சர்வர் எந்த வேலைக்கும் பக்கத்துல நின்னு காத்திருக்காது. 'நீ போய் முடிச்சுட்டு வா'ன்னு அனுப்பிட்டு அடுத்ததைப் பார்க்கப் போயிடும். போன வேலை நல்லபடியா திரும்பினா சரி. அடிபட்டுத் திரும்பினா, பிடிச்சு என்ன ஆச்சுன்னு கேட்க ஒரு ஆள் வேணும். ஆள் இல்லைன்னா..."

"இல்லைன்னா?"

"மொத்தக் கடையையும் மூடிடும்."

"ஒருத்தன் அடிபட்டதுக்கா?"

"அது அப்படித்தான்."

"அந்த ஆளை யாரு போட்டிருக்கணும்?"

வெண்டல் தன் பூட்ஸைப் பார்த்தான். "நான்."

மூன்று மணிக்குள் ஆளைப் போட்டுவிட்டான். ப்ரோக்ராமில் இரண்டே வரி. வாசலில் ஒரே காவலாள். எந்த வேலை எங்கே அடிபட்டு வந்தாலும் அவன் பிடித்துக்கொள்வான். பிடித்த பிறகு அவன் என்ன செய்ய வேண்டும் என்று எழுதும் இடத்தை வெண்டல் காலியாக விட்டான். இனி எதுவும் சர்வரைச் சாய்க்க முடியாது. லொரேன் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். பாரில் பீப்பாய்களைத் தட்டிப் பழகிய கை.

செவ்வாய்க்கிழமை பத்தேகால் மணிக்கு வெண்டல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை. பத்து பதினாறு. பச்சை. இழுப்பறையைத் திறந்து சாண்ட்விச்சை எடுத்தான். நிதானமாகத் தின்றான். ஒரு வாரத்தில் முதல் முறையாக வான்கோழியின் ருசி தெரிந்தது.

பதினொன்றரைக்கு மார்லீன் கூப்பிட்டாள்.

"கண்ணு, உங்க பக்கம் எல்லாம் நல்லா இருக்கா?"

"அருமையா இருக்கு. விழவே இல்ல."

"அப்படியா? சந்தோஷம். இங்க பத்தேகாலிலேருந்து ஒன்பது வண்டியும் நிக்குது."

"இருக்காது. விளக்கு பச்சையா எரியுது."

"எரியட்டும். தெரு வெள்ளையா கிடக்கு."

"பெட்டி அணைஞ்சுடுச்சா?"

"அணையல. 'தயவுசெய்து காத்திருக்கவும்'னு போட்டு ஒரு வட்டம் சுத்துது. தயவுசெய்து காத்திருக்காங்க."

"ஒன்றேகால் மணி நேரமாவா?"

"நான்தான் சொன்னேனே, தங்கமான பசங்க."

வெண்டல் உள்ளே போய்த் தேடினான். நடந்தது இதுதான். ஒரு வேலை, வண்டிகள் போக வேண்டிய தெருக்களின் பட்டியலைத் திறக்கப் போயிருக்கிறது. வேறு யாரும் குறுக்கே வராமலிருக்கப் பட்டியலைப் பூட்டியிருக்கிறது. பூட்டியபின் அடிபட்டிருக்கிறது. காவலாள் அதைப் பிடித்து, சொல்லிக்கொடுத்தபடி எதுவும் செய்யாமல் ஓரமாகப் போட்டிருக்கிறான். பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஒருவர் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஜன்னல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டால் வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கு என்ன நேருமோ, அதுதான் ஒன்பது வண்டிகளுக்கும் நேர்ந்தது.

"விழல, ஆனா நின்னுடுச்சு," என்று லொரேனிடம் சொன்னான்.

"செத்தவனை நாற்காலியில உட்கார வச்சிருக்கே."

"ஒரு வகையில."

"முன்னாடி செத்தா செத்துடுச்சுன்னாவது தெரிஞ்சுது. இப்போ பிணம் பச்சை விளக்கு காட்டுது."

"அதுக்குத்தான் ஒரு வழி யோசிச்சிருக்கேன். அடிபட்ட உடனே நமக்கு மெயில் வந்துடும். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. யாராவது உடனே போய்ப் பார்க்கலாம்."

"யாராவதுன்னா?"

"நான்."

காவலாளுக்கு இப்போது வேலை கிடைத்தது. எது அடிபட்டாலும் இரண்டு மெயில் அனுப்ப வேண்டும். லொரேனின் முகவரியை எழுதினான். தன் முகவரியை எழுதும் இடத்தில் கொஞ்சம் தயங்கினான். சோதனைக்காலம் முடியாதவர்களுக்குக் கம்பெனியில் மெயில் முகவரி கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை கிடைக்கும். கிடைத்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். பெயர், பிறகு கம்பெனியின் பெயர். அதையே எழுதினான். எழுதிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. மூன்று நாளில் உண்மையாகப்போகிற முகவரி. நடுவில் ஒன்றும் ஆகிவிடாது.

புதன்கிழமை பத்தேகால் மணிக்கு ஒரு வேலை அடிபட்டது. காவலாள் பிடித்தான். இரண்டு மெயில் அனுப்பினான். லொரேனின் மெயில் போய்ச் சேர்ந்தது. வெண்டலின் மெயில், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திரும்பி வந்தது. திரும்பி வந்தது ஓர் அடிபட்ட வேலை. காவலாள் பிடித்தான். இரண்டு மெயில் அனுப்பினான்.

லொரேன் அப்போது பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தாள். அவளுடைய போன் கருவிகள் வைக்கும் எவர்சில்வர் தட்டில் இருந்தது. முதல் மெயிலுக்கு ஒருமுறை அதிர்ந்தது. பிறகு அதிர்வதை நிறுத்தவில்லை. தட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்ந்துபோய், வாய் கொப்பளித்துத் துப்பும் கிண்ணத்துக்குள் விழுந்தது. அங்கேயும் அதிர்ந்தது.

வெண்டலுக்கு ஒரு மெயில்கூட வரவில்லை. எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

பதினொரு மணிக்கு லொரேன் அங்கிருந்தே கூப்பிட்டாள். பாதி வாய் மரத்துப்போயிருந்தது. ஆனாலும் அவள் சொன்னது எல்லாம் தெளிவாகப் புரிந்தது.

"பதினாலாயிரம், வெண்டல்."

"என்னது?"

"மெயில். பதினாலாயிரத்து இருநூறு. எல்லாத்துலயும் ஒரே விஷயம். வெண்டல் கிவேலான்னு ஒருத்தர் இங்க இல்லையாம்."

வெண்டல் தன் முகவரியை எழுதிய வரியைத் திறந்தான்.

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. இருக்கியா நீ?"

"இருக்கேன்."

"இருந்தா நிறுத்து."

நிறுத்தினான். இடையில் மார்லீனும் கூப்பிட்டிருந்தாள். சர்வர் தபால் எழுதுவதிலேயே மும்முரமாக இருந்ததால் வண்டிகளுக்குத் தெருப் பெயர் சொல்ல அதற்கு நேரமில்லை. ஒன்பது வண்டிகளும் முக்கால் மணி நேரம் நின்றிருந்தன.

"டிரைவருங்க?" என்று வெண்டல் கேட்டான்.

"கேட்டேன். 'பரவாயில்ல மார்லீன், அந்தப் பையன் மேல கோபப்படாதே'ன்னு ஆர்மான் சொல்றார். நாலாம் நம்பர் வண்டி. முப்பத்தொரு வருஷ சர்வீஸ். உனக்காகப் பரிஞ்சு பேசறார், பாரு."

வெண்டல் போனை வைத்துவிட்டு நாற்காலியை மேஜைக்கு இழுத்தான். முகம் தெரியாத ஒரு கிழவர் தன்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார். அவரை இனிமேல் ஒரு நிமிடம்கூட நிற்கவிடக் கூடாது என்று முடிவு செய்தான்.

மெயிலை எடுத்துவிட்டான். காவலாளையும் எடுத்துவிட்டான். விழுவது விழட்டும். ஆனால் விழுந்த இரண்டாவது நொடி தானாக எழுந்துகொள்ள வேண்டும். எழுந்ததும், விழும்போது பாதியில் இருந்த வேலைகளை முதலிலிருந்து செய்ய வேண்டும். பனி அள்ளச் சொல்லி வீடுகளிலிருந்து வரும் எந்தப் புகாரும் தொலையாது. யாரும் நிற்க வேண்டியதில்லை. புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது டயர் கடைக்காரர்களுக்குக்கூடக் கையசைத்தான்.

வியாழக்கிழமை பத்தேகால் மணிக்கு சர்வர் விழுந்தது. இரண்டாவது நொடியில் எழுந்தது. பாதியில் என்ன இருந்தது என்று பார்த்தது. இரண்டு இருந்தன. ஒன்று, பிர்ச் கிரசென்ட் பதினாலாம் எண் வீட்டிலிருந்து வந்த புகார். இன்னொன்று, சர்வரைத் தள்ளிவிட்ட அதே வேலை. முதலாவதுக்குப் பக்கத்தில் இருந்த வண்டியை அனுப்பியது. இரண்டாவதைத் தொட்டு, விழுந்தது. எழுந்தது. பாதியில் என்ன இருந்தது என்று பார்த்தது. பிர்ச் கிரசென்ட் பதினாலுக்கு, அடுத்தபடியாகப் பக்கத்தில் இருந்த வண்டியை அனுப்பியது.

இப்படி ஒன்பது முறை. நகரத்தில் பத்தாவது வண்டி இல்லை.

"கண்ணு," என்றாள் மார்லீன். அவள் குரலில் முதல் முறையாக ஒரு சாந்தம் இருந்தது. "பிர்ச் கிரசென்ட் எப்படி இருக்கும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"முட்டுச்சந்து. ஆறு வீடு. இப்போ அதுக்குள்ள நம்ம நகரத்தோட மொத்தப் படையும் இருக்கு."

"திரும்பி வரச் சொல்லுங்களேன்."

"முதல் வண்டி திரும்ப முடியாது, பின்னாடி ரெண்டாவது நிக்குது. ரெண்டாவது திரும்ப முடியாது. இப்படியே எட்டு வரைக்கும் எண்ணிக்கோ. ஒன்பதாவது பின்னாலயே வரலாம். ஆனா பெட்டியில பிர்ச் கிரசென்ட்னு காட்டிட்டு இருக்கு, அதனால உத்தரவுப்படி வர மாட்டேங்கிறான்."

"அந்த வீட்டுக்காரங்க என்ன சொல்றாங்க?"

"அந்தம்மா போன் பண்ணினாங்க. வாசப்படி பக்கம் கொஞ்சம் பனி இருக்குன்னுதான் சொன்னேன், படையெடுத்து வரணும்னு சொல்லலியேன்னாங்க. இப்போ வாசல்ல பனியே இல்லையாம். புல்லும் இல்லையாம்."

முட்டுச்சந்தைக் காலி செய்ய ஒரு மணி பத்து நிமிடம் பிடித்தது.

லொரேன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. அது வெண்டலுக்குப் பயமாக இருந்தது.

"ஒரு கேள்வி. நாலு நாளா அது ஏன் விழுதுன்னு படிச்சியா?"

"விழாம இருக்கிறதுக்கு வழி பார்த்தேன்."

"அதைக் கேட்கல. எது அடிபடுது? எங்க அடிபடுது? யாராவது எழுதி வச்சிருக்காங்களா?"

"சர்வர் எழுதித்தான் வைக்கும். ஒரு வரி. நான் அதை..."

"படிக்கல."

"படிக்கல."

"என் பார்ல தினமும் ஒருத்தன் சண்டை போட்டான்னு வை. முதல் நாள் நீ அவனை மேஜைக்கு அடியில தள்ளி மறைச்சே. ரெண்டாம் நாள் ஊருக்கெல்லாம் தந்தி அடிச்சே. மூணாம் நாள் கடையை மூடித் திறந்து அவனையே முதல் ஆளா உள்ள விட்டே. ஏன்டா அறிவாளி, அவன் பேர் என்னன்னு கேட்கவே மாட்டியா?"

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"முதல்ல எழுதிடுவேன். யாரு, எத்தனை மணிக்கு, எதை உடைச்சான். அப்புறம்னா மறந்துடும். எழுதிட்டு வாசக்கதவைச் சாத்துவேன், புதுசா எவனும் உள்ள வரக் கூடாது. ஏற்கெனவே உள்ள இருக்கிறவன் கிளாஸைக் காலி பண்ண பத்து நிமிஷம். மேல ஒரு நிமிஷம் கிடையாது. கல்லாப்பெட்டி, கழிவறை, எல்லாத் தாழ்ப்பாளையும் திறந்து பார்த்துட்டு விளக்கை அணைப்பேன். அப்புறம் புதுசாத் திறப்பேன்."

"சண்டை போட்டவன்?"

"அவன் வெளிய நிப்பான். அவன்கிட்ட தனியாப் பேசுவேன்."

வெண்டல் ஒரு தாளில் எழுதிக்கொண்டான். பிறகு அந்த ஒரு வரியை, வியாழக்கிழமை நடுப்பகலில், முதல் முறையாகப் படித்தான்.

வண்டி நான்கு. 'முடிந்தது' பட்டன். ஏற்கெனவே முடிந்த வேலை.

திங்கட்கிழமையின் வரியைத் தேடி எடுத்தான். வண்டி நான்கு. செவ்வாய், வண்டி நான்கு. போன வாரம் முழுக்க வண்டி நான்கு. ஆர்மான்.

டிரைவர் தன் பெட்டியில் 'முடிந்தது' என்று அழுத்தியதும் அந்த வேலை பட்டியலிலிருந்து போய்விடும், அடுத்த தெரு வரும். அந்த நொடிக்குள் இன்னொரு முறை அழுத்தினால், சர்வர் இல்லாத வேலையைத் தேடப் போகும். கிடைக்காது. அடிபட்டுத் திரும்பும்.

"கையுறை," என்றான் வெண்டல்.

"என்ன?"

"கிழவர். கனமான கையுறை போட்டிருப்பார். ஒரு தடவை அமுக்கினா ரெண்டு தடவை படுது. இதுக்கா நாலு நாள்!"

"இப்போ அவர் அமுக்கினா என்ன ஆகணும்?"

"ஒண்ணும் ஆகக் கூடாது. 'ஏற்கெனவே முடிந்தது, நன்றி'ன்னு மரியாதையா சொல்லணும்."

"சொல்ல வை."

சொல்ல வைத்தான். அந்த ஒன்றோடு விடவில்லை. வெளியே அனுப்பும் ஒவ்வொரு வேலைக்கும் அது அடிபட்டால் என்ன செய்வது என்று அந்தந்த இடத்திலேயே எழுதினான். நாற்பத்தியொரு இடங்கள். அவற்றையும் மீறி, அவன் நினைத்தே பார்க்காத எதுவாவது வந்தால், லொரேன் சொன்னபடி. எழுது. வாசலைச் சாத்து. உள்ளே இருப்பவர்களை முடிக்க விடு, பத்து நொடி. தாழ்ப்பாள்களைத் திற. போ. பக்கத்தில் தயாராக நிற்கும் இன்னொரு சர்வர் வாசலைத் திறக்கும். தள்ளிவிட்ட வேலை மட்டும் வெளியே, வெண்டல் வந்து பேசும்வரை.

வெள்ளிக்கிழமை குளிர் முப்பத்தொன்று, பூஜ்யத்துக்குக் கீழே. நகராட்சிப் பொறியாளர் ஏழு மணிக்கு வந்து, கோட்டைக் கழற்றாமல் வெண்டலின் திரைமுன் உட்கார்ந்தார். லொரேன் பின்னால் நின்றாள். வெண்டல் காலையிலிருந்து எதுவும் தின்றிருக்கவில்லை.

பத்து பதினான்கு. பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்த நேரத்தின் கதை நகராட்சியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பத்தேகால். நான்கு நொடி கழித்து ஒரு வரி வந்தது. வண்டி நான்கு. ஏற்கெனவே முடிந்த வேலை. மரியாதையாகச் சொல்லப்பட்டது.

விளக்கு பச்சை.

லொரேன் மூச்சை விட்டாள். வெண்டலும் விடப்போனான். இன்னொரு வரி வந்தது. வண்டி நான்கு. இன்னொன்று. வண்டி நான்கு. பிறகு ஒரே மூச்சில் பதினொரு முறை வண்டி நான்கு.

"என்ன இது?" என்றார் பொறியாளர்.

"கையுறைங்க சார். குளிர் அதிகம். விரல் விறைச்சிருக்கும்."

பத்து இருபதுக்கு வண்டி இரண்டு. வண்டி ஏழு. அதன்பின் ஒன்பது வண்டிகளிலிருந்தும். ஏற்கெனவே முடிந்த வேலை, ஏற்கெனவே முடிந்த வேலை, ஏற்கெனவே முடிந்த வேலை. ஒவ்வொருவருக்கும் சர்வர் நன்றி சொன்னது.

"எல்லாருக்குமா விறைச்சிருக்கு?"

"ஒரே குளிர்தானே சார்."

பத்து நாற்பதுக்கு வண்டி நான்கு, 'முடிந்தது' பட்டனையும் 'உதவி' பட்டனையும் ஒன்றாகச் சேர்த்து முக்கால் நிமிடம் விடாமல் அழுத்தியது. இதை வெண்டல் நினைத்துப் பார்த்ததில்லை. உலகத்தில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. விளக்கு மஞ்சளானது.

லொரேனின் விரல்கள் அவன் தோளுக்குள் இறங்கின.

ஒரு வரி எழுதப்பட்டது. வாசல் சாத்தப்பட்டது. உள்ளே ஏழு புகார்கள் இருந்தன. ஆறு, நான்கு, ஒன்று. தாழ்ப்பாள்கள் திறந்தன. பழைய சர்வர் போனது. புதியது வந்தது.

பச்சை.

"இப்போ என்ன நடந்துது?" என்றார் பொறியாளர்.

"செத்துப் பிழைச்சுது சார்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு நொடி."

பொறியாளர் மார்லீனுக்குப் போன் செய்தார். கொட்டகையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒரு பெட்டிகூட அணையவில்லை. ஒரு வண்டிகூட நிற்கவில்லை. அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

மூன்று மணிக்குக் கையெழுத்து ஆனது. லொரேன் ஒரு தாளில் எதையோ எழுதி வெண்டலிடம் நீட்டினாள். அவனுடைய மெயில் முகவரி. அவன் நினைத்தபடியேதான் இருந்தது.

"இப்போ இருக்கே நீ," என்றாள்.

வெண்டல் நேராக வண்டிக் கொட்டகைக்குப் போனான். ஆர்மானைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முறை முடிந்து டிரைவர்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். பூட்ஸைத் தரையில் தட்டிப் பனியை உதறினார்கள். பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்பதைவிட விழுந்தார்கள் என்பது சரி. ஒருவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மார்லீன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கையாட்டினாள்.

"பசங்களா, இதுதான் வெண்டல். நம்ம சர்வரைச் சரி பண்ணின பையன்."

ஒன்பது பேரும் அவனைப் பார்த்தார்கள். யாரும் கை தட்டவில்லை.

"ஆர்மான் யாரு?" என்றான் வெண்டல்.

ஓரத்தில் இருந்த கிழவர் கம்பளிக் குல்லாவைக் கழற்றினார். கையுறை போட்டிருக்கவில்லை. மெலிந்த, சுத்தமான விரல்கள்.

"உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேங்க. புதன்கிழமை எனக்காகப் பேசினீங்களாமே."

"ஆமாம் தம்பி. அது வரைக்கும் நீ ரொம்ப நல்லாத்தான் பண்ணிட்டு இருந்தே."

"இனிமே உங்களுக்குத் தொந்தரவே இருக்காது. நீங்க எத்தனை தடவை அமுக்கினாலும் விழாது. ஒரு நிமிஷம்கூட நிக்காது. ஒரு தெரு முடிஞ்சா அடுத்த தெரு, அது முடிஞ்சா அடுத்தது, ஏழு மணியிலேருந்து மூணு மணி வரைக்கும்."

"பார்த்தோம்," என்றார் கண்ணை மூடியிருந்தவர்.

"பத்தேகால் மணிப் பழுது இனிமே வராதுங்க."

ஆர்மான் மற்ற எட்டு பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு வெண்டலைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"அது பழுது இல்ல தம்பி. அந்தப் பெட்டியில எங்களுக்குக் காபி குடிக்கன்னு இருந்த ஒரே பட்டன் அது."